திருகோணமலையில் முதல் வீடு: சொல்லும் விலை நியாயமானதா என்று கணிப்பது எப்படி?

திருகோணமலையில் வீடு வாங்கப் புறப்படும் ஒருவரின் காதில் முதலில் விழுவது பேர்ச் என்ற நில அளவுக்குச் சொல்லும் விலைதான். உவர்மலையில் பேர்ச் இவ்வளவு போகிறது, அலஸ்தோட்டத்தில் இவ்வளவு, பாலையூற்றில் இவ்வளவு என்று தரகரும் சொல்வார், உறவினரும் சொல்வார். அந்தத் தொகையை வளவின் பரப்பால் பெருக்கி, வீட்டுக்கென்று ஒரு தொகையைக் கூட்டி, வருவதுதான் நியாயமான விலை என்று நம்பிவிடுவது எளிது. ஆனால் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வளவுகளுக்குள்ளேயே பெறுமதி பெரிதும் வேறுபடக்கூடிய ஊர் இது. ஒன்றுக்குத் தெளிவான உறுதி (உரிமைப் பத்திரம்) இருக்கும், மற்றது அனுமதிப்பத்திரக் காணியாக இருக்கும்; ஒன்றின் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கும், மற்றதில் உவர்நீர் இருக்கும். ஆகவே விற்பவர் சொல்லும் ஒற்றைத் தொகையை வைத்துக்கொண்டு கூடவா குறையவா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, காணியின் மீதான உரிமை, நிலம், கட்டடம் என்று பிரித்து, இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் கட்டடத்தில் தொடங்கி உரிமையில் முடிக்கிறார்கள். வீடு மனதுக்குப் பிடித்த பிறகு உறுதியைப் பார்க்கும் கண், குறையைக் குறையாகப் பார்ப்பதில்லை.

உரிமையிலிருந்து தொடங்குங்கள்

விலை பேசுவதற்கு முன்னரே உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தின் பிரதியையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரதி கிடைத்ததும் பார்க்க வேண்டிய முதல் விடயம், அது தனியார் காணியின் உறுதியா, அல்லது அரச காணிக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்பதாகும். மாவட்டத்தின் பல குடியேற்றப் பகுதிகளில் உள்ள காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இன்றிக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அத்தகைய காணியை ஒரு சாதாரண கடதாசியில் கையொப்பமிட்டு விற்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி வாங்கியவருக்குக் கிடைப்பது இருப்பே தவிர உரித்து அன்று. அசையா ஆதனத்தின் விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் நிலவும் சட்டம். எனவே தனியார் உறுதிக் காணியின் பேர்ச் விலையை வைத்துக்கொண்டு அனுமதிப்பத்திரக் காணிக்கு விலை சொல்லும் ஒருவரிடம் பேரம் பேசுவதற்கே இடமில்லை. அது வேறு பொருள். அதற்கு வேறு விலை.

தனியார் உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்ய வேண்டும். உங்களுக்காக வேலை செய்யும் ஒரு சட்டத்தரணியையோ நொத்தாரிசையோ அமர்த்தி, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான பதிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரின் நொத்தாரிசு எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வேலைக்கு அவர் போதாது. ஈடு (அடைமானம்) மீட்கப்பட்டிருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா, ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் ஓடுகின்றனவா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

நம்மவர்களிடையே அடிக்கடி வரும் உரிமைச் சிக்கல்கள் இரண்டு. பெற்றோர் மகளுக்குச் சீதனமாக நன்கொடை உறுதி எழுதும்போது, தாம் இறக்கும் வரை அந்த வீட்டை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்வது வழக்கம். மகள் விற்க வரும்போது அந்த உரித்து இன்னும் உயிரோடு இருக்கலாம். பெற்றோரும் உறுதியில் கையொப்பமிடாவிட்டால் நீங்கள் வாங்குவது குடியேற முடியாத வீடாகிவிடும். மற்றது, முதுசமாக வந்து பிரிக்கப்படாமல் கிடக்கும் பங்கு. ஐந்து பிள்ளைகளில் மூவர் ஊரிலும் இருவர் வெளிநாட்டிலும் இருக்க, ஊரில் உள்ள ஒருவர் முழு வளவுக்கும் விலை சொல்வார். ஏனையோர் தமக்காக விற்க அவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவம் பதிவு செய்யப்பட்டு, இன்றும் செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த விலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

போர் இந்த மாவட்டத்தின் காணி உரிமைகளில் விட்டுச்சென்ற சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டதன் பேரில் உரிமை கோரும் வழி நமது சட்டத்தில் உண்டு. ஆனால் இடம்பெயர்ந்து காணியைப் பார்க்க முடியாமற்போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்காதிருக்க 2016 ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டு, வழக்குத் தொடரக் காலவரம்பும் கொடுக்கப்பட்டது. ஆட்சியை மட்டும் அடிப்படையாகக் கொண்ட உறுதி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முன்னர் அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்று அயலில் உள்ள வயதானவர்களிடம் கேளுங்கள். விலை மலிவாக இருப்பதன் காரணம் பல நேரங்களில் அந்தப் பதிலில் இருக்கும்.

நிலத்தை அளந்து, ஒப்பிட்டு, திருத்துங்கள்

ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். இதை மனதில் வைத்து, முகப்பு 40 அடியும் ஆழம் 68 அடியும் உள்ள வளவு ஏறத்தாழ 10 பேர்ச்சஸ் என்று நீங்களே நாடாவைப் பிடித்துப் பார்த்துவிடலாம். பழைய உறுதிகளில் எழுதப்பட்ட பரப்பும் நிலத்தில் உள்ள பரப்பும் பொருந்தாமல் இருப்பது புதினமல்ல. உறுதியின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லைகளையும் நடந்து பாருங்கள். "கிழக்கு: ஒழுங்கை" என்று எழுதியிருக்கும் இடத்தில் அயல்வீட்டு மதில் நிற்கும், "மேற்கு: வாய்க்கால்" என்ற இடத்தில் வாய்க்காலை மூடிக் குளியலறை கட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் விலையில் கழிவு உண்டு. முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்துவிடுங்கள். வீதி அகலிப்புக்கு முன்பக்கத்தில் எவ்வளவு போகும் என்பதை உள்ளூராட்சி சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் காட்டும். போகப்போகும் பரப்புக்கு இன்றைய முழு விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஒப்பீடு. இக்மன் போன்ற இணைய விளம்பரத் தளங்களில் வரும் தொகைகள் கேட்கும் விலைகளே. அவற்றில் எது கைமாறிய விலை என்று அங்கே தெரியாது. அவற்றை உச்ச எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டின் விளம்பரம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்பது தெளிவு. இலங்கை மத்திய வங்கி வெளியிடும் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டி கொழும்பு மாவட்டத்துக்குரியது. அதில் கண்ட ஏற்றத்தைத் திருகோணமலைக்குப் பொருத்திப் பேசுபவரின் கணக்கை ஏற்க வேண்டாம். உறுதிகளில் எழுதப்பட்ட விலையும் முழுமையாக நம்பத்தக்கதல்ல, ஏனெனில் முத்திரைத் தீர்வையைக் குறைக்கப் பலர் தொகையைக் குறைத்து எழுதுகிறார்கள். மிஞ்சுவது ஆட்களிடம் கேட்பதுதான். அதே வட்டாரத்தில் அண்மையில் வாங்கியவர், வங்கிக்கு மதிப்பீடு செய்து கொடுப்பவர், அங்கே அடிக்கடி உறுதி எழுதும் நொத்தாரிசு ஆகியோரிடம் தனித்தனியாகக் கேட்டு, குறைந்தது மூன்று உண்மையான கைமாற்ற விலைகளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் கூட்டியும் சொல்லக்கூடும், குறைத்தும் சொல்லக்கூடும் என்பதால்தான் ஒருவரோடு நிறுத்தக் கூடாது.

கிடைத்த விலைகளை உங்கள் வளவுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். இங்கேதான் திருகோணமலையை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் வித்தியாசம் வருகிறது.

முதலாவது தண்ணீர். கடலை அண்டிய உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கங்களில் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். மாரி முடிந்தவுடன் எல்லாக் கிணறும் நன்றாகத்தான் இருக்கும்; ஆவணி, புரட்டாதி மாதங்களில் எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். ஒரு போத்தலில் எடுத்துக் கொண்டுபோய்ச் சோதிப்பித்தால் இன்னும் நல்லது. குழாய் நீர் இணைப்பு இருந்தால் அந்தக் குறை பெரிதும் நீங்கும், ஆனால் இணைப்பு வளவுக்குள் இருக்கிறதா, வீதியோடு நிற்கிறதா, மாதப் பட்டியல் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது வெள்ளம். கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு வீட்டைப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. முடியாவிட்டால் சுவரின் அடியில் நீர் நின்ற கோட்டையும், வாசற்படி எத்தனை அங்குலம் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதையும், புதிதாகப் பூசிய தீந்தை இடுப்பளவோடு நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் அந்த ஒழுங்கையில் எதுவரை ஏறியது என்று அயலாரைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். 2004 ஆழிப்பேரலை வந்த இடங்களில் அந்த எல்லையையும் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது கரையோரச் சட்டம். கடற்கரை வீடு என்றால் விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டவும் விரிவாக்கவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மேல்மாடி எடுக்கலாம் என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலை கேட்பவரிடம், அனுமதி எங்கே என்று கேளுங்கள். அதேபோல் வன இலாகா, தொல்லியல், பாதுகாப்புத் தரப்பு ஆகியவற்றின் ஒதுக்கங்களுக்குள் காணி வருகிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துவிடுங்கள்; நகருக்கு வடக்கே போகப்போக இந்த விசாரிப்பு முக்கியமாகிறது.

பாடசாலை நெருக்கம் தனி விலை பெறும் விடயம். இராமகிருஷ்ண மிஷன் ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர், புனித மரியாள் கல்லூரிகளைச் சுற்றி வீட்டு விலை ஏறி நிற்பதற்கு முதலாம் தரச் சேர்க்கையில் வதிவிடத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் ஒரு காரணம். அந்தப் புள்ளிகள் இன்று வாங்கியவுடன் கிடைப்பதில்லை. அங்கே குடியிருந்த கடந்த ஆண்டுகளுக்கான ஆதாரங்களுக்கே அவை வழங்கப்படுகின்றன. அடுத்த தையில் பிள்ளையைச் சேர்க்க வேண்டியவர் இந்தக் காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. கைக்குழந்தை உள்ளவருக்கு அதே கூடுதல் விலை நியாயமாகலாம்.

கட்டடம்

கட்டடத்துக்கு ஊர் மேசன்மார் இன்று ஒரு சதுர அடி கட்ட என்ன கேட்கிறார்கள் என்பதை இருவரிடமாவது விசாரித்து, அதைத் தளப்பரப்பால் பெருக்கி, வயதுக்கும் தேய்வுக்கும் கழிக்க வேண்டும். 2022 இல் ரூபாயின் பெறுமதி டொலருக்கு ஏறத்தாழ 200 இலிருந்து 360 வரை சில மாதங்களில் சரிந்தபோது சீமெந்து, கம்பி, ஓடு எல்லாம் ஏறின. அதனால் அதற்கு முன் கட்டிய வீட்டைத் தாம் செலவழித்த தொகையால் விலைப்படுத்துவது விற்பவருக்கும் அநியாயம், இன்றைய புதுவீட்டு விலையை 30 ஆண்டுப் பழைய வீட்டுக்குக் கேட்பது உங்களுக்கு அநியாயம்.

கடற்காற்று வீசும் பகுதியில் ஒரு வீட்டைப் பார்க்கும்போது கண்ணை முதலில் கொங்கிறீட்டில் வையுங்கள். யன்னல் மேல் நிற்கும் வெயில்மறைப்பின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். கம்பி ஓடும் வழியே மயிரளவு வெடிப்பும், அதன் ஓரத்தில் செம்மண்ணிறக் கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருவேறத் தொடங்கிவிட்டது. விரல் மொழியால் தட்டிப் பார்த்தால் பொள்ளென்று ஒலிக்கும். துருவேறிய கம்பி பருத்து, கொங்கிறீட்டை உள்ளிருந்து தள்ளுவதால் இது பூச்சால் மறைக்கப்படுமே தவிர மாறாது. வெயில்மறைப்பில் கண்டதை வளையிலும் தளத்திலும் தேடுங்கள். அங்கேயும் இருந்தால் அந்தப் பகுதிக்குப் பெறுமதி சேர்க்காதீர்கள், இடித்துக் கட்டும் செலவைக் கழியுங்கள். ஓட்டு வீடென்றால் சிலாகையிலும் கைமரத்திலும் கறையான் புற்று இருக்கிறதா, மழைநீர் வழிந்த கோடு சுவரில் தெரிகிறதா என்று பாருங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைக் காலடியால் அளந்துகொள்ளுங்கள்.

கட்டட அனுமதியும் அது முடிந்தபின் வழங்கப்படும் இணக்கச் சான்றிதழும் இருக்கின்றனவா என்பதையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். பின்னால் சேர்த்துக் கட்டிய அறைகள் அனுமதிப் படத்தில் இல்லாமல் இருக்கும். வங்கி அவற்றுக்குப் பெறுமதி கொடுக்கத் தயங்கும்போது நீங்களும் தயங்கலாம். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டில் நிலுவை இல்லை என்பதையும் பார்த்து வையுங்கள்.

ஒரு கணக்கு

பின்வரும் தொகைகள் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த வட்டாரத்தின் விலையும் அல்ல. 12 பேர்ச்சஸ் என்று சொல்லி 210 இலட்சம் ரூபா கேட்கப்படும் வீடு ஒன்று. அளந்தபோது 11.2 பேர்ச்சஸ்தான் வந்தது. மூன்று கைமாற்றங்களை ஒப்பிட்டு, ஒழுங்கை ஒடுக்கமாக இருப்பதற்குக் கழித்தபின் பேர்ச் 7 இலட்சம் என்று வந்தால், நிலம் 78.4 இலட்சம். வீடு 1,100 சதுர அடி. இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 12,000 என்றால் 132 இலட்சம். வயதுக்கும் தேய்வுக்கும் 35 வீதம் கழித்தால் 85.8 இலட்சம், உடனே மாற்ற வேண்டிய கூரைக்கு 8 இலட்சம் கழித்தால் 77.8 இலட்சம். மதில், கிணறு, படலை எல்லாவற்றுக்கும் 9 இலட்சம் சேர்த்தால் மொத்தம் 165.2 இலட்சம். கேட்கும் விலைக்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ 45 இலட்சம் இருக்கிறது. அந்த 45 இலட்சத்துக்கு விற்பவர் என்ன காரணம் சொல்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சில காரணங்கள் ஏற்கத்தக்கவையாக இருக்கும், அவற்றுக்கு இடங்கொடுங்கள்.

வாடகையாலும் ஒருமுறை சரிபார்க்கலாம். அதே தரமான வீடு மாதம் 45,000 ரூபாவுக்கு வாடகைக்குப் போகிறது என்றால் ஆண்டுக்கு 5.4 இலட்சம், 165 இலட்சத்துக்கு அது 3.3 வீதம் அளவில்தான். வங்கி நிலையான வைப்பு வட்டியோடு ஒப்பிட்டு, நீங்கள் குடியிருக்கும் நிம்மதிக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். உப்புவெளி, நிலாவெளியில் உல்லாசப் பயணிகளுக்கு அறை விடும் வருமானத்தைக் காட்டி விலை கேட்பவர்கள் ஆவணி மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டுவார்கள். இக்கரையில் பயணிகள் வரும் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரைதான். வடகீழ்ப் பருவமழைக்கு அறைகள் வெறிச்சோடும்.

இவ்வளவும் செய்தபின் பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையைப் பெறுங்கள். கடன் எடுப்பதாக இருந்தால் வங்கியே தன் பட்டியலிலிருந்து ஒருவரை அனுப்பும். அறிக்கையில் சந்தைப் பெறுமதியும், அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கக்கூடிய கட்டாய விற்பனைப் பெறுமதியும் தனித்தனியாக இருக்கும். வங்கி பின்னையதைப் பார்த்துக் கடன் கொடுத்தால் கையிலிருந்து போடவேண்டிய பணம் நீங்கள் நினைத்ததைவிடக் கூடும்.

விலையை ஏற்றும் பேச்சுகள்

"திட்டம் வரப்போகிறது" என்பது இங்கே பல ஆண்டுகளாகக் கேட்கும் பேச்சு. துறைமுகம், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள், சம்பூர் என்று ஒவ்வொரு அறிவிப்போடும் சுற்றுவட்டாரக் காணிக்கு விலை சொல்வது ஏறும். சம்பூரில் நிலக்கரி மின்னிலையம் வரும் என்று ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டு, 2016 இல் அது கைவிடப்பட்டது. அங்கே சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2025 இல். மாறாக, 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் கண்முன்னே நிற்கிறது. படகுத்துறையில் காத்திருந்த காலம் போய்விட்டது. நிற்கும் பாலத்துக்கு விலை கொடுக்கலாம். வரப்போவதற்கு விற்பவரே காத்திருக்கட்டும்.

மற்றையது, கனடாவிலிருந்து ஒருவர் இதைவிடக் கூடிய விலைக்கு வாங்கக் கேட்கிறார் என்பது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் உங்களோடு போட்டியிட முடியாது என்பதை அறிந்தால் அந்தப் பேச்சுக்கு நீங்கள் பதறமாட்டீர்கள். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், தனக்கு எவ்வளவு டொலர் வரவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு விலை சொல்வதும் உண்டு. அவருடைய தேவை அது. வீட்டின் பெறுமதி அல்ல.

பேசி முடிக்கும்போது

உங்கள் மொத்தச் செலவில் முத்திரைத் தீர்வையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனை உறுதிக்கு முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் என்பது பொது வீதம். 165 இலட்சத்துக்கு அது 6 இலட்சத்து 59 ஆயிரம். இதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், அளவைக் கூலி, மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு. தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் இணங்காதீர்கள். தீர்வை சந்தைப் பெறுமதியின் மீது கணிக்கப்படுவதால் பின்னர் மிச்சத்தைக் கட்டச் சொல்லி அறிவித்தல் வரலாம். அதோடு, ஏதும் பிணக்கு வந்தால் நீங்கள் கொடுத்த முழுத் தொகையை நிரூபிக்கக் கையில் ஆவணம் இராது.

பேரத்துக்குப் போகும்போது உங்கள் கணக்கை எழுதிய தாளையே கொண்டுபோங்கள். "குறைத்துத் தாருங்கோ" என்று கேட்பதைவிட, "அளவையில் 0.8 பேர்ச் குறைகிறது, கூரைக்கு 8 இலட்சம் செலவிருக்கிறது" என்று மரியாதையாக எடுத்துச் சொல்வது விற்பவரையும் மதிக்கும் வழி. இணக்கம் வந்தால் முற்பணத்தை வெறும் பற்றுச்சீட்டுக்குக் கொடுக்காமல், நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். பரப்பு எவ்வளவு, எந்தத் திகதிக்குள் உறுதி முடிக்கப்பட வேண்டும், சீவிய உரித்துள்ளவர்கள் கையொப்பமிடுவார்களா, ஈடு யார் செலவில் மீட்கப்படும், உரித்தில் குறை கண்டால் முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றையேனும் எழுத விற்பவர் மறுத்தால், அந்த மறுப்புக்குக் காரணம் தெரியும் வரை பணத்தை வங்கியிலேயே விட்டு வையுங்கள்.